சொல்தா

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கம் காலையில் போனால் காதைத் தீட்டிக்கொண்டு போகவேண்டும். அங்கே விலை ஆளைப் பார்த்துத்தான் பிறக்கும். போன மாதம் ஒரு வஞ்சிரத்துக்காக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா பாதிப் பேச்சில் என்னை விட்டுவிட்டு, பக்கத்துப் பலகைக்காரியிடம் சொன்னார்: "ஏ, வெலய எறக்காத. சொல்தா வூட்டம்மா வருது."

வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். வாயில் புடவை, கையில் ஒயர்கூடை, காலில் ரப்பர் செருப்பு. துப்பாக்கியைச் சினிமாவில் தவிர வேறெங்கும் பார்த்திருக்கமாட்டார். செவுளைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டார். சொல்தா வீடு என்றால் கேட்டதைக் கொடுப்பார்கள் என்ற கணக்கு அன்றைக்குப் பலிக்கவில்லை. எனக்கும் வஞ்சிரம் படியவில்லை. சொல் மட்டும் கூடவே வந்துவிட்டது.

புதுச்சேரி, காரைக்கால் எல்லையைத் தாண்டினால் செல்லாத சொல் இது. விழுப்புரத்தில் போய்ச் சொன்னால் ஏதோ பூச்சிமருந்தின் பெயர் என்று நினைப்பார்கள். சொல்தா என்றால் பிரெஞ்சில் படைவீரன். எழுத்தில் கடைசியில் ஒரு 'த்' இருக்கிறது; வாய்க்கு வராது. நம் ஆட்களும் அந்த 'த்' இல்லாமல்தான் எடுத்துக்கொண்டார்கள். எழுத்தைப் பார்த்துக் கற்ற சொல்லாக இருந்தால் அந்த 'த்' ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். காதால் கேட்டு வாயால் வாங்கிய சொல் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

பிரெஞ்சுக்கு அது இத்தாலியிலிருந்து வந்தது. இத்தாலியில் 'சொல்தோ' என்றால் காசு. 'சொல்தாதோ' என்றால் காசு கொடுத்து அமர்த்தப்பட்டவன். சொல்தோவின் தாய் 'சோலிதுஸ்' என்னும் லத்தீன் சொல். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட தங்க நாணயத்தின் பெயர் அது. பொருள் 'கெட்டியானது'. ஆங்கிலத்தின் சோல்ஜரும் அதே வீட்டுப் பிள்ளைதான். பிரெஞ்சில் படைச் சம்பளத்துக்கு இன்றும் 'சோல்த்' என்றே பெயர்.

தமிழ் இந்தப் பக்கமே போகவில்லை. மறம் உள்ளவன் மறவன். வடமொழியிலிருந்து வந்த வீரனுக்கும் அடியில் இருப்பது வீரம்தான். பாரசீகத்திலிருந்து வந்து சேர்ந்த சிப்பாய், படையைச் சேர்ந்தவன் என்பதோடு நின்றுவிடுகிறான். நெஞ்சைப் பார்த்துப் பெயர் வைத்தது நம் மொழி. சட்டைப்பையைப் பார்த்துப் பெயர் வைத்தது அவர்கள் மொழி என்று மார்தட்டிக்கொள்ளத் தோன்றும். அவசரப்படவேண்டாம். நம்மிடமும் ஒரு தொடர் இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன். யார் சோறு போட்டானோ அவனுக்காக உயிரைக் கொடுப்பது. கர்ணன் கதை தெரிந்த எவருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. கான்ஸ்டன்டைனின் நாணயமும் துரியோதனனின் சோறும் ஒரே தராசில் நிற்கக்கூடியவைதான்.

புதுச்சேரித் தமிழன் எப்படிப் பிரெஞ்சுக்காரன் ஆனான் என்ற கதை துப்பாக்கியில் தொடங்கவில்லை, செருப்பில் தொடங்கியது. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். (சப்பாத்து என்ற சொல் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது.) இந்தியன் காலணியை வெளியே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்றார் நீதிபதி. பிள்ளை விடவில்லை. பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார்.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. சாதி வழக்கம், சொத்து வழக்கம் என்று பரம்பரையாக வந்த தனிச் சட்டத்தை ஒருவர் கைவிடுவதாக எழுதிக்கொடுத்தால், அன்றிலிருந்து அவர் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட்டவர். கூடவே ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளவேண்டும். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள். முதலில் திறந்துவிட்டவர் என்ற பெருமிதம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இப்படி எழுதிக்கொடுத்தவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். துறந்தவர் என்று பொருள். தமிழில் துறவி என்றால் வீட்டை விட்டு, ஊரை விட்டு, கடைசியில் பெயரையும் விட்டுவிடுகிறவர். புதுச்சேரித் துறவி பழைய பெயரை விட்டுப் புதுப் பெயர் வாங்கினார். வழக்கத்தை விட்டுச் சட்டத்தை வாங்கினார். எழுதிக்கொடுத்தவர்களில் தலித்துகளும் கிறிஸ்தவர்களும் நிறைய. அவர்களுக்கு இது வெறும் மேனாமினுக்கு வேலை என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. எந்த வழக்கம் ஒருவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவைத்ததோ அந்த வழக்கத்தை ஒரு கையெழுத்தில் உதறலாம் என்றால், உதறாதவன்தான் காரணம் சொல்லவேண்டும்.

ஆனால் குடியரசும் லேசுப்பட்டதல்ல. 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தது: ஐரோப்பியர் ஒரு பட்டியல், ரெனோன்சான் ஒரு பட்டியல், மற்றவர் ஒரு பட்டியல். எல்லாரும் சமம் என்று கல்லில் வெட்டிய நாடு, கடல் தாண்டியதும் சமத்துக்கு மூன்று வரிசை போட்டது.

அப்புறம்தான் படை வருகிறது. முதல் உலகப் போரில் இங்கிருந்து போனவர்களில் திரும்பாதவர்களுக்காகக் கடற்கரையில் 1938இல் எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் நிற்கிறது. அடுத்த போரில், பாரிஸ் விழுந்த சில மாதங்களிலேயே, 1940 செப்டம்பரில் புதுச்சேரி, ஜெர்மனிக்குப் பணியாமல் போரைத் தொடர்ந்த தெகோல் பக்கம் சேர்ந்தது. அதற்கும் முன்பிருந்தே பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோன் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வரி வசூல், போலீஸ், படை, நீதிமன்ற எழுத்தர் வேலை என்று புதுச்சேரியும் காரைக்காலும் பிள்ளைகளைக் கப்பலேற்றின. இந்தோசீனாவில் போருக்கு நின்றவர்களும் அல்ஜீரியாவில் நின்றவர்களும் உண்டு. அவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பித் தெருவில் மாடி வீடு கட்டியபோதுதான் 'சொல்தா' என்ற சொல் பெரிய மார்க்கெட்டுக்குள் வந்தது என்று நினைக்கிறேன். அதுவரை அது பாசறைச் சொல்.

மார்க்கெட்டின் பெயரையும் இங்கே சொல்லியாகவேண்டும். காகிதத்தில் அது குபேர் அங்காடி. குபேர் என்பவர் எதுவார் குபேர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் இந்தியர். 1951இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 1954 மார்ச்சில் இந்தியாவோடு சேரவேண்டும் என்று கட்சி மாறினார். 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர். பிரெஞ்சு உச்சரிப்புப்படி அவர் கூபேர்; தமிழ் வாயில் குபேர் ஆனார். பிரெஞ்சுப் பெயர் ஒன்று செல்வத்தின் தெய்வத்துக்கு ஓரெழுத்து பக்கத்தில் போய் நின்றது, அதுவும் ஒரு சந்தையின் வாசலில்! ஊர் மக்கள் இரண்டு பெயரையும் விட்டுவிட்டுப் பெரிய மார்க்கெட் என்றே சொல்கிறார்கள்.

1954 அக்டோபர் 18, கீழூர். வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரான்ஸ் ஏற்று முடிக்க 1962 ஆகிவிட்டது. ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு. அந்த ஒப்பந்தத்தில்தான் சொல்தாவின் விதி இருக்கிறது. இந்தப் பகுதியில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்றிலிருந்து இந்தியர்கள்; பிரெஞ்சாகவே இருக்கவேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கவேண்டும். இங்கே பிறந்து வெளிநாட்டில் குடியிருந்தவர்கள், எழுதாமலேயே பிரெஞ்சுக்காரர்கள். எழுதிக்கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். ஆகவே சைகோனில் குடியிருந்த அண்ணன் பிரெஞ்சு, முத்தியால்பேட்டையில் இருந்த தம்பி இந்தியன். ஒரே தாய், ஒரே தெரு. யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதில் தேசம் முடிந்துவிட்டது.

இதற்குப் பிறகு சொல்லின் பொருள் விரியத் தொடங்கியது. முதலில் படையில் இருந்தவர் மட்டும் சொல்தா. பிறகு பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் எவரும். பிறகு அவர் மனைவி, பிள்ளை, வீடு. துப்பாக்கி தொடாத மருமகனும் சொல்தா மாப்பிள்ளை. தமிழ்நாட்டில் அமெரிக்க மாப்பிள்ளை என்ற பேச்சு வருவதற்கு முன்பே இங்கே இந்த மாப்பிள்ளைக்கு விலை இருந்தது. பெண்ணுக்குக் குடியுரிமை இருந்தால் வரதட்சணை திசை மாறிய வீடுகளும் உண்டு. கடைசியில் அது வசவும் ஆனது. காலையில் எழுந்து வேலைக்குப் போகாத பையனை அம்மா திட்டுவார்: "பெரிய சொல்தா, பென்ஷன் வருது பாரு!"

எந்தச் சொல்தாவும் தன்னைச் சொல்தா என்று சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. அவர்கள் சொல்வது வேறு: "எங்களுக்கு நேஷனாலிட்டி இருக்கு." எந்த நாட்டு நேஷனாலிட்டி என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் ஒரே பொருள்தான். கேட்கிற நமக்கும் ஒன்று இருக்கிறதே என்பது அந்த வாக்கியத்தில் நினைவுக்கே வராது. நாம் நாடில்லாதவர்கள் போல ஒரு கணம் தலையாட்டிவிடுகிறோம்.

இந்த இடத்தில் அமெரிக்காவை இழுக்காமல் முடியவில்லை. தாங்கள் மற்ற நாடுகளைப் போல் அல்ல, வரலாற்றின் விதிக்கு வெளியே நிற்பவர்கள் என்று அமெரிக்கர்கள் நம்பும் ஒரு நம்பிக்கை உண்டு. விதிவிலக்குவாதம் என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்கர்களின் நிலை விதிவிலக்கானது என்று 1840இல் எழுதிவைத்தவர் தொக்வில், ஒரு பிரெஞ்சுக்காரர். வாதமாக அது பரவியதோ கம்யூனிஸ்டுகள் வாயில். 1920களில் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக இருந்த ஜே லவ்ஸ்டோன், அமெரிக்க முதலாளித்துவம் மற்ற நாடுகளைப் போல இப்போதைக்குச் சரியாது என்றார். 1929இல் ஸ்டாலின் அவரை மாஸ்கோவுக்கு வரவழைத்து, அந்தக் கருத்துக்காகவே தலைமையிலிருந்து இறக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது! ஒரு குற்றச்சாட்டாக இருந்த சொல்லைப் பிற்பாடு அமெரிக்கர்களே எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டார்கள். 2009இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஒபாமாவிடம் இதைக் கேட்டபோது, எனக்கு அந்த நம்பிக்கை உண்டு, பிரிட்டிஷ்காரர்களுக்கும் கிரேக்கர்களுக்கும் அவரவர் நாட்டைப் பற்றி இருப்பது போல என்ற பொருளில் பதில் சொன்னார். அமெரிக்காவில் சில பேர் கொதித்துப்போனார்கள். எல்லாருக்கும் உண்டு என்றால் விலக்கு எங்கே இருக்கிறது?

சொல்தாவின் விலக்கு அப்படி வானத்தில் தொங்கவில்லை. அதற்குக் கட்டம் போட்ட படிவம் உண்டு. பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதாகச் சான்று காட்டவேண்டும். விலக்குக்கு வெளியே விழுந்தவர்களின் கணக்கும் காகிதத்தில்தான். 1959இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது: விடுதலையடைந்த காலனிகளைச் சேர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாமல் போன பழைய படைவீரர்களின் பென்ஷன் இருந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டது. பிரெஞ்சு வீரனுக்கு ஏறிக்கொண்டே போகும். அவனோடு ஒரே குழியில் படுத்திருந்த செனகல்காரனுக்கும் மொராக்கோக்காரனுக்கும் ஏறாது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் கிறிஸ்தலிசாசியோன். பாகு கற்கண்டாக இறுகுகிறதே, அந்தச் செயலின் பெயர். அவ்வளவு இனிப்பான சொல்லை எந்த எழுத்தர் கண்டுபிடித்தாரோ. 2006இல் அந்தக் காலனி வீரர்களைப் பற்றி ரஷீத் பூஷாரெப் எடுத்த 'ஆந்திழேன்' படம் வந்து பேச்சானபிறகுதான் அப்போதைய அதிபர் ஷிராக்கின் அரசு போர்வீரர் பென்ஷன்களைச் சமமாக்க முன்வந்தது. அதற்குள் கற்கண்டு கரைவதைப் பார்க்கப் பலர் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டபிறகு ஜூலை 14ஆம் தேதி கடற்கரைச் சின்னத்தருகே பதக்கம் குத்திக்கொண்டு நிற்கும் கிழவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. முன்பு வந்ததுண்டு. கோட்டு தளர்ந்து தொங்கும். இரண்டு கொடி, இரண்டு தேசிய கீதம். இரண்டுக்கும் அதே விறைப்பில் நிற்பார்கள். வீட்டுக்குப் போனதும் வேட்டி, மீன்குழம்பு. ஒருமுறை பக்கத்தில் நின்றவரிடம், எந்தப் பாட்டுக்கு உள்ளே என்னமோ செய்யும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "சோறு ரெண்டு பக்கமும் துன்னாச்சே தம்பி" என்றார்.

போன வாரம் மறுபடி வஞ்சிரம் வாங்கப் போனேன். அதே அம்மா. படித்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்கமுடியாத வியாதி எனக்கு. "ஏம்மா, சொல்தான்னா ராணுவக்காரன்னு அர்த்தம் இல்லியாம். ஆதியில காசு வாங்கினவன்னுதான் அர்த்தமாம்" என்றேன்.

அவர் அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: "பின்ன நாங்க என்னன்னு சொல்லிக்கிட்டிருக்கோம்? துண்டு மெல்லிசா போடவா, தடியா போடவா?"