துணியையே ஒட்டி வைத்த புத்தகம்

உடைகளின் வரலாற்றைச் சொல்லும் படப் புத்தகங்கள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. பிரான்சில் ஒகுஸ்த் ராசினே 1888இல் நிறைவு செய்த நூலில் 500 படப் பக்கங்கள் உண்டு. ஆனால் இந்தியத் துணிகளுக்காக லண்டனில் தயாரான புத்தகம் வித்தியாசமானது. அதில் படத்துக்குப் பதிலாகத் துணியே இருந்தது!

அதை உருவாக்கியவர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன். ஸ்காட்லாந்து மருத்துவர். பிறகு லண்டன் இந்தியா அலுவலகத்தில் இந்தியப் பொருட்களைப் பற்றி அறிக்கை தரும் அதிகாரி ஆனார். 1866இல் 700 துணி மாதிரிகளை வெட்டி 18 தொகுதிகளில் ஒட்டினார். மொத்தம் 20 செட். அதாவது 14,000 துண்டுகள். துணியின் நீளம், அகலம், எடை, ஊர், விலை போன்ற விவரங்களும் சேர்க்கப்பட்டன. 13 செட்டுகள் பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு.

இவ்வளவு உழைப்பும் எதற்காக? இந்தியர்கள் விரும்பும் துணியைப் பிரிட்டிஷ் மில்களும் நெய்து இங்கே விற்பதற்காக.

வேட்டி, சேலை, தலைப்பாகை எல்லாம் தறியிலேயே முழுமை பெறுபவை. தையல்காரர் கைக்குப் போக வேண்டியதில்லை. நீளமோ, கரையோ, முந்தானையோ சரியாக இல்லாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். இதைப் புரிய வைக்கவே, எந்த உடையை எப்படி உடுத்துவார்கள் என்று விளக்கும் தனி நூலையும் அதே ஆண்டு வாட்சன் எழுதினார். இன்றைய பாஷையில் சொன்னால் மார்க்கெட் சர்வே!

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. இந்தக் கரையில் அன்று அவர்களுடைய முக்கிய வியாபாரம் துணி கொள்முதல். 176 ஆண்டுகளில் வாங்க வந்தவர்கள் விற்பவர்கள் ஆகிவிட்டார்கள்.

ஆனால் காலம் வேடிக்கையானது. நெசவாளர் சந்தையைப் பிடிக்கத் தயாரித்த அதே புத்தகம்தான் இன்று அவர்கள் கைவேலைக்குச் சாட்சி. லங்காஷயரின் பிரஸ்டன் நகர ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு செட் பத்திரமாக இருக்கிறது. ஊர் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது. நெய்தவர் பெயர்தான் இல்லை.

முத்தாண்டிக்குப்பம் இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில், குறிஞ்சிப்பாடி கைத்தறி லுங்கிக்குப் பேர் போனது. அந்த லுங்கிகளுக்கும் ஒரு மாதிரிப் புத்தகம் வர வேண்டும். இந்த முறை நெய்தவர் பெயரோடு.