ஏரியில் புயல் எழுந்தால்... எச்சரிக்கையும் வானொலியும் உயிர் காப்பது எப்படி?

கடலில் புயல் என்றால் படகை இறக்கத் தயங்குபவர்கள்கூட, ஏரி என்றால் அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஆனால், பெரிய ஏரிகள் கடலைப் போலவே ஆபத்தானவை என்பதற்கு வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளே சான்று.

1975ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி இரவு, அந்த ஐந்தில் மிகப் பெரியதான சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. 222 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல், இரும்புத் தாது உருண்டைகளை ஏற்றிச் சென்றது. அதில் இருந்த 29 பேரும் உயிரிழந்தனர். சுப்பீரியர் ஏரியின் பரப்பளவு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவின் பரப்பளவில் பாதிக்கும் மேல்!

எச்சரிக்கை இருந்தது, அழைப்பு வரவில்லை

அன்று எச்சரிக்கை இல்லாமல் இல்லை. நவம்பர் 9ஆம் தேதி மாலையே கடுங்காற்று எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மறுநாள் அதிகாலை அது புயல் எச்சரிக்கையாக உயர்த்தப்பட்டது. ஆனால், அதற்குள் கப்பல் ஏரிக்குள் வெகுதூரம் சென்றிருந்தது.

10ஆம் தேதி பிற்பகல், தடுப்புக் கம்பி சேதமடைந்து கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதாக, பின்னால் வந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் கப்பலுக்கு கேப்டன் எர்னஸ்ட் மெக்சார்லி வானொலி வழி தெரிவித்தார். பிறகு கப்பலின் ராடாரும் செயலிழந்தது. இரவு 7.10 மணிக்கு ஆண்டர்சனிலிருந்து நிலைமையை விசாரித்தபோது, சமாளித்து வருவதாகவே பதில் வந்தது. சில நிமிடங்களில் கப்பல் ராடார் திரையிலிருந்து மறைந்தது. அபாய அழைப்பு எதுவும் வரவே இல்லை.

கப்பல் மூழ்கியதற்கான காரணம் குறித்து இன்றும் மாறுபட்ட கருத்துகள் நிலவுகின்றன. எனினும், எச்சரிக்கை எவ்வளவு முன்னதாகக் கிடைக்கிறது, உதவி கேட்கும் நேரம் எப்போது என்ற இரண்டு கேள்விகளை இவ்விபத்து ஆழமாக எழுப்பியது.

ஏரிப் புயல் ஏன் கொடியது?

நவம்பர் மாதத்தில் ஏரி நீரில் கோடைக்கால வெப்பம் இன்னும் மிச்சமிருக்கும். வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் தெற்கிலிருந்து வரும் ஈரமான வெப்பக்காற்றும் அங்கே மோதும்போது புயல் வேகமாக வலுப்பெறுகிறது. ஏரி அலைகள் கடல் அலைகளைக் காட்டிலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழுபவை. ஓர் அலையிலிருந்து படகு நிமிர்வதற்குள் அடுத்தது அடித்துவிடும்.

அமெரிக்க அரசு வானிலைச் சேவை உருவானதற்கே இந்த ஏரிகளில் நிகழ்ந்த விபத்துகள் முக்கியக் காரணம். மில்வாக்கி நகர அறிஞர் இன்கிரீஸ் லாபம் தொடர்ந்து வலியுறுத்தியதைத் தொடர்ந்து, 1870 பிப்ரவரியில் அதற்கான தீர்மானத்தில் அதிபர் கிராண்ட் கையெழுத்திட்டார். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி, ஐம்பெரும் ஏரிகளுக்கான முதல் புயல் எச்சரிக்கையை லாபமே வெளியிட்டார்.

அக்காலத்தில் பகலில் கொடி, இரவில் விளக்கு. கரையை விட்டு விலகிய கப்பலுக்கு அவை பயன்படவில்லை. 1913 நவம்பரில் வீசிய பெரும்புயலில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது பெரும்பாலான கப்பல்களில் வானொலி இல்லை.

இன்று எச்சரிக்கைகள் காற்றின் வேகத்தைக் கொண்டு வகுக்கப்படுகின்றன. மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டரை எட்டினால் கடுங்காற்று, 89ஐ எட்டினால் புயல், 118ஐத் தாண்டினால் சூறாவளி வேகம். சிறு படகுகளுக்கு அதற்கும் குறைந்த வேகத்திலேயே தனி அறிவுறுத்தல் வந்துவிடும். வானிலைக்கென்றே உள்ள வானொலி அலைவரிசைகள் 24 மணி நேரமும் இவற்றை ஒலிபரப்புகின்றன.

16ஆம் அலைவரிசை

படகுகளில் பயன்படுத்தப்படும் விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அபாய அழைப்புக்கு உரியது. கைப்பேசியில் பேசினால் ஒருவருக்கு மட்டுமே கேட்கும். 16இல் அழைத்தால் கடலோரக் காவல் படைக்கும், அருகிலுள்ள எல்லாப் படகுகளுக்கும் கேட்கும். பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது பக்கத்துப் படகுதான்.

அழைப்பில் மூன்று நிலைகள் உள்ளன. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ‘மேடே’. அவசரம், ஆனால் உயிர் ஆபத்து இன்னும் இல்லை என்றால் ‘பான்-பான்’. புயல் எச்சரிக்கை போன்ற பாதுகாப்புத் தகவல் என்றால் ‘செக்யூரிட்டே’. ‘மேடே’ என்ற சொல்லை 1920களில் லண்டன் குரோய்டன் விமான நிலைய வானொலி அதிகாரி ஒருவர் அறிமுகப்படுத்தினார். ‘எனக்கு உதவுங்கள்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து அது பிறந்தது.

அபாய அழைப்பு விடுக்கும் முறை:

1. வானொலியை 16இல் வைத்து, ஆற்றலை முழு அளவுக்கு உயர்த்த வேண்டும்.
2. ‘மேடே’ என மூன்று முறையும், படகின் பெயரை மூன்று முறையும் சொல்ல வேண்டும்.
3. இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, படகில் உள்ளோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூற வேண்டும்.
4. பொத்தானை விடுவித்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் இல்லையேல் மீண்டும் அழைக்க வேண்டும்.

இடத்தை முதலில் சொல்வது நல்லது. தொடர்பு பாதியில் துண்டிக்கப்பட்டாலும் எங்கே தேடுவது என்பது தெரிந்திருக்கும்.

புதிய கருவிகளில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அதைச் சில விநாடிகள் அழுத்தினால், படகின் 9 இலக்க அடையாள எண்ணும் இருப்பிடமும் 70ஆம் அலைவரிசை வழி தானாகச் செல்லும். ஆனால், அந்த எண்ணை முன்கூட்டியே பதிவு செய்து, கருவியில் ஜிபிஎஸ் வசதியும் இணைந்திருந்தால்தான் அது முழுப் பயன் தரும்.

வானொலி இல்லாதவர்களுக்கு விளக்கு

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் எல்லையில் உள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் வேறு வழி பின்பற்றப்படுகிறது. கரையோரக் கோபுரங்களில் ஆரஞ்சு நிற விளக்குகள் உள்ளன. நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும். 90 முறை மின்னினால் புயல் ஆபத்து, உடனே கரை சேர வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலோ இடிப்புயல்கள் பெரும்பாலும் இரவில்தான் உருவாகின்றன. சிறு படகு மீனவர்கள் பலர் தொழிலுக்குச் செல்வதும் இரவில்தான். அவர்களுக்குப் புரியும் மொழியில் உள்ளூர் வானொலி வழி முன்னறிவிப்பு சென்று சேர்வதே அங்கு உயிர் காக்கிறது.

நம் ஏரிகளில்

மலேசியாவின் கென்யிர், தெமெங்கோர் ஆகிய இரண்டும் மலைகளுக்கு நடுவே அணை கட்டி உருவான ஏரிகள். விஎச்எஃப் அலைகள் நேர்கோட்டில் செல்பவை என்பதால் மலை குறுக்கிட்டால் அழைப்பு தடைபடும். கைப்பேசித் தொடர்பும் எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது.

எனவே, தூண்டில் போடவோ சுற்றுலாவுக்கோ செல்பவர்கள், புறப்படும் முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கையைப் பார்ப்பது அவசியம். எங்கே செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் உள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். உரிய நேரத்தில் திரும்பாவிட்டால் அவர் 999க்கு அழைக்கலாம். உயிர்காப்புச் சட்டையைப் படகில் வைத்திருப்பது போதாது. ஏறும்போதே அணிந்திருக்க வேண்டும்.