மெனு கார்டுக்கு நாலு கட்டம்

1879-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திவந்தவர் ஜேம்ஸ் ரிட்டி. கடைப் பையன்கள் கல்லாவில் கைவைப்பதைத் தடுக்க அவர் செய்த இயந்திரம்தான் முதல் கேஷ் ரெஜிஸ்டர். அதன் பிறகு சுமார் நூறு வருடம், சாப்பாட்டுக் கடைகளில் அந்தப் பெட்டியின் முக்கிய வேலை காசைக் காப்பதுதான். எந்தத் தட்டு எத்தனை போனது என்று தெரிய வேண்டுமென்றால், ராத்திரி கடை சாத்தியபின் பில் துண்டுகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கோடு கிழித்து எண்ண வேண்டும். அலுத்துக் களைத்த நேரத்தில் அதை யார் செய்வார்கள்?

1970-களில் அந்தப் பெட்டிக்குள் மைக்ரோபிராசசர் புகுந்தது. 1974-ல் வில்லியம் புரோபெக்கின் நிறுவனம் மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்காகச் செய்த ரெஜிஸ்டர் அவற்றில் முன்னோடி. பண்டத்துக்கு ஒரு பொத்தான் என்று வந்துவிட்டால், அழுத்த அழுத்த எண்ணிக்கை தானே சேர்ந்துகொள்ளும். ஆனால் எண்ணிக்கை கையில் இருந்தால் போதாது, அதனிடம் என்ன கேட்பது என்று தெரிய வேண்டும்.

அந்தக் கேள்வி மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டல் நிர்வாகத் துறையிலிருந்து வந்தது. ஹோட்டல் தொழிலுக்குக் கம்ப்யூட்டரைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்த மைக்கேல் கசவானாவும், அவருடைய சக ஆசிரியர் டொனால்ட் ஸ்மித்தும் 1982-ல் ஒரு சிறிய புத்தகம் போட்டார்கள். அதில் தங்கள் முறைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மெனு எஞ்சினியரிங்’. இன்று நம் ஊர்க் கேட்டரிங் கல்லூரிகளிலும் அது பாடம்.

அதுவரை தொழிலின் வேதவாக்கு ‘ஃபுட் காஸ்ட்’ சதவீதம். விற்கிற விலையில் சரக்குச் செலவு எத்தனை சதவீதம், அது குறையக் குறைய நல்லது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு டாலருக்கு விற்கும் கோழிக்கு இரண்டு டாலர் சரக்கு. செலவு 33 சதவீதம். பன்னிரண்டு டாலர் ஸ்டீக்குக்கு ஆறு டாலர் சரக்கு. செலவு 50 சதவீதம். பழைய கணக்குப்படி கோழிதான் கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் கோழித் தட்டு ஒன்று போனால் கல்லாவில் நிற்பது நாலு டாலர், ஸ்டீக் ஒன்று போனால் ஆறு. வாடகையும் சம்பளமும் கொடுப்பது அந்த டாலரிலிருந்துதான். இதைக் கசவானாவும் ஸ்மித்தும் அடித்துச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், அந்தப் புத்தகத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கட்டங்கள் அதற்குப் பிறகுதான்.

மெனுவில் உள்ள ஒவ்வொரு தட்டையும் நாலு கட்டத்தில் ஒன்றில் போட இரண்டு அளவுகோல். ஒன்று, தட்டுக்கு நிற்கும் காசு: மொத்தமாக நின்றதை மொத்தத் தட்டுகளால் வகுத்து, அந்தச் சராசரிக்கு மேலா கீழா என்று பார்ப்பது. இரண்டாவது, மவுசு. பத்து வகை இருக்கிறது, மாதத்தில் 1000 தட்டு போகிறது என்றால், சமபங்கு 100. எல்லாமே சமமாக விற்காது என்று முப்பது சதவீதம் விட்டுக்கொடுத்து, 70 தட்டு தாண்டினாலே மவுசு உள்ளது என்று வைத்தார்கள்.

இரண்டிலும் மேலே நிற்பது நட்சத்திரம். அதன் ருசியிலும் அளவிலும் கைவைக்கக் கூடாது. நிறைய ஓடியும் தட்டுக்குக் குறைவாகத் தருவது உழவுக் குதிரை. பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் 1970-ல் போட்ட இதே மாதிரியான வியாபாரக் கட்டத்தில் பசு இருந்தது. மெனுவுக்கு வந்தபோது உழைக்கிற குதிரை வந்தது. நம் பக்கத்தில் பிறந்திருந்தால் உழவு மாடு என்றே பெயர் வைத்திருப்பார்கள். அதன் விலையை மெல்ல ஏற்றலாம், கூட வைக்கும் பொரியலை மாற்றிச் செலவைக் குறைக்கலாம். காசு தரும், ஆனால் யாரும் கேட்பதில்லை என்றால் அது புதிர். கார்டில் கண்ணில் படும் இடத்துக்கு நகர்த்த வேண்டும், சர்வர் வாயால் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாதது நாய். அதை எடுத்துவிடலாம்.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் மாணவர்களை நிறுத்தி வைக்க வேண்டும். நாயை எடுத்தால் சராசரி ஏறும். சராசரி ஏறினால், நேற்று மயிரிழையில் தப்பிய இன்னொரு தட்டு இன்று கோட்டுக்குக் கீழே விழலாம். அதையும் எடுத்தால் இன்னொன்று. கட்டம் இருக்கும்வரை புது நாயும் முளைக்கலாம். சமையல்காரர் கை ஓயாமல் நறுக்கும் கூலியும் இந்தக் கணக்கில் இல்லை; டேவிட் பவேசிக் போன்ற ஆய்வாளர்கள் அந்த 1980-களிலேயே இந்தக் கணக்கின் குறைகளைப் பேசினார்கள். பிற்பாடு வந்த மென்பொருள்கள் நாலு கட்டத்தையும் நொடியில் போட்டுத் தருகின்றன, கூலி விடுபட்டது அதில் கண்ணுக்குத் தெரியாது.

குழந்தைக்கென்று ஒரு சின்ன சீஸ் சாண்ட்விச் கார்டில் இருக்கிறது என்று வையுங்கள். மாதத்துக்கு முப்பது போகும், நிற்பது சில்லறை. கட்டத்தில் அது நாய். ஆனால் அந்த முப்பது பில்லையும் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் சாண்ட்விச்சுக்குக் கீழே அப்பாவின் ஸ்டீக்கும், அம்மாவின் மீனும், பாட்டியின் சூப்பும் அடித்திருக்கும்.