மாடலிங் தொழிலும் ஒரு வவுச்சர் புத்தகமும்

மாடலிங்கில் நுழைவது எப்படி என்று யாரிடம் கேட்டாலும் உயரம், முகவெட்டு, நடை, நல்ல போட்டோ ஆல்பம் என்றுதான் பதில் வரும். ஆனால் இந்தத் தொழிலின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு கேள்விதான் முன்னால் நிற்கிறது. வேலை முடிந்த பிறகு பணம் எப்போது வரும்? அது வரும்வரை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்ன வழி? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் மாடலிங் ஒரு தொழிலாகவே மாறியது.

கடைப் பெண்ணில் தொடக்கம்

உலகின் முதல் மாடல் என்று பலரும் சொல்வது மரி வெர்னே என்ற பெண்ணை. பாரிஸில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். சால்வையைத் தோளில் போட்டு நடந்து காட்டி வாடிக்கையாளர்களிடம் விற்பது அவர் வேலை. அதே கடையில் இருந்த சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் 1851ல் அவரை மணந்தார். 1858 வாக்கில் வொர்த் சொந்தமாக ஆடை நிறுவனம் தொடங்கியபோது, அவர் தைத்த உடைகளை முதலில் உடுத்திக் காட்டியதும் மரிதான். கடை ஊழியராக இருந்ததால் சம்பளம் எப்போது வரும் என்ற கவலை அவருக்கு இல்லை.

அந்தக் கவலை வந்தது விளம்பரப் புகைப்படங்கள் வந்த பிறகு. நடிகராக இருந்த ஜான் ராபர்ட் பவர்ஸ் 1923ல் நியூயார்க்கில் மாடல் ஏஜென்சி தொடங்கினார். ஆட்களின் படம், உயரம், அளவுகள் எல்லாவற்றையும் அச்சடித்து ஒரு கேட்டலாக் போட்டு விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார். வாய்ப்புகள் பெருகின. ஆனால் மாடல் இப்போது யாருடைய ஊழியரும் இல்லை. இன்று ஒரு பத்திரிகைக்கு இரண்டு மணி நேரம், நாளை ஒரு சோப்புக் கம்பெனிக்கு ஒரு மணி நேரம். சோப்புக் கம்பெனி விளம்பர நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும், அதன் பிறகுதான் மாடலுக்கு. வீட்டு வாடகையோ அதற்கெல்லாம் காத்திருக்காது. வீட்டில் வசதி உள்ளவர் தாக்குப்பிடிக்கலாம், மற்றவர் அழகிருந்தும் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

1946: ஃபோர்டு தம்பதியர்

இந்த இடத்தில்தான் ஐலீன் ஃபோர்டு வருகிறார். கல்லூரி விடுமுறைகளில் கொஞ்ச காலம் மாடலாக இருந்தவர். 1946ல், முதல் குழந்தையைச் சுமந்திருந்த நேரத்தில், தோழிகளான சில மாடல்களுக்குச் செயலாளர் போல வேலை பார்க்கத் தொடங்கினார். போன் எடுப்பது, நேரம் குறிப்பது, பாக்கியைக் கேட்டு வாங்குவது. கணவர் ஜெர்ரி கடற்படையிலிருந்து திரும்பி வந்து கணக்கு வழக்கை ஏற்றுக்கொண்டார். காரை விற்று அந்தப் பணத்தில் அலுவலகம் பிடித்தார்கள்.

அவர்கள் நிலைநிறுத்திய முறைக்கு வவுச்சர் முறை என்று பெயர். படப்பிடிப்பு முடிந்ததும் மாடல் தன்னிடமுள்ள வவுச்சரில் வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கிக்கொள்வார். அதை ஏஜென்சியில் கொடுத்தால் கமிஷன் போக மீதிப் பணம் அந்த வாரமே கைக்கு வந்துவிடும். வாடிக்கையாளரிடம் வசூலிப்பது ஏஜென்சியின் தலைவலி. உதாரணமாக 100 டாலர் வேலை, 10 சதவீதக் கமிஷன் என்றால் மாடலுக்கு உடனே 90 டாலர். அந்த 100 டாலர் இரண்டு மாதம் கழித்து வந்தாலும் மாடலுக்குக் கவலை இல்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. பில் டிஸ்கவுண்டிங் பாடத்தில் வருவது கிட்டத்தட்ட இதுதான். நடைமுறை மூலதனத்தின் சுமை தனி ஆளிடமிருந்து நிறுவனத்துக்கு மாறியது. வெளியூரிலிருந்து கைச்செலவுக்கு மட்டும் காசுடன் வரும் பெண்ணும் இனி நியூயார்க்கில் காலூன்றலாம். புதிதாக வந்த பல இளம் மாடல்களை ஐலீன் தன் வீட்டிலேயே தங்க வைத்துப் பார்த்துக்கொண்டார். கண்டிப்புக்கும் பெயர் போனவர்.

பணத்தில் நாணயம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஊரில் உதாரணம் உண்டு. 1939ல் ஏஜென்சி தொடங்கிப் பெரும் புகழ் பெற்ற ஹாரி கானோவர், மாடல்களுக்குச் சேர வேண்டிய பணம் பற்றிய புகார்களால் 1959ல் தொழிலையே இழந்தார்.

அதே ஆண்டு, இன்னொரு கதவு

வவுச்சர் எல்லோருக்கும் கதவைத் திறந்ததா என்றால் இல்லை. பத்திரிகைகளும் விளம்பரக் கம்பெனிகளும் கறுப்பினப் பெண்களைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டால்தானே வவுச்சரில் கையெழுத்து வாங்க முடியும்? அதே 1946ல், அதே நியூயார்க்கில், ஒஃபீலியா டிவோர் என்ற கறுப்பினப் பெண் நண்பர்களுடன் சேர்ந்து கிரேஸ் டெல் மார்க்கோ என்ற ஏஜென்சியைத் தொடங்கினார். அவர் முதலில் செய்ய வேண்டியிருந்தது வசூல் அல்ல, சந்தையை உருவாக்குவது. கறுப்பின மக்களும் பொருள் வாங்குகிறார்கள், அவர்கள் முகமும் விளம்பரத்தில் இருக்க வேண்டும் என்று கம்பெனிகளிடம் வாதாடினார். பின்னாளில் நடிகைகளாகப் புகழ்பெற்ற டயன் கரோல், சிசிலி டைசன் இருவரும் அவரிடம் பயின்றவர்கள். அப்படியும் அமெரிக்க வோக் இதழின் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண், பெவர்லி ஜான்சன், இடம்பெற 1974 ஆகஸ்ட் வரை ஆனது. 28 வருடங்கள்!

ஐலீன், ஒஃபீலியா இருவரும் ஒரே ஆண்டில், 2014ல், காலமானார்கள்.

கடைசியில் சட்டம்

காலப்போக்கில் கமிஷன் 20 சதவீதமாக ஏறியது. பெரிய ஏஜென்சிகள் கூடிப் பேசி ஒரே விகிதம் வைத்திருக்கின்றன என்று 2002ல் மாடல்கள் சிலர் நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தார்கள். அது சமரசத்தில் முடிந்தது. பிறகு 2024 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஃபேஷன் தொழிலாளர் சட்டம் கையெழுத்தாகி, 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. கமிஷன் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சேர்வதற்கு முன்பணமோ டெபாசிட்டோ கேட்கக்கூடாது. 

இந்த வரலாறு மாடலிங் கனவு உள்ளவர்களுக்குச் சொல்வது சின்ன விஷயம்தான். பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நல்ல ஏஜென்சி சம்பாதித்துக் கொடுத்துவிட்டு அதில் பங்கு எடுத்துக்கொள்ளும். வாய்ப்பு வருவதற்கு முன்பே உங்கள் பர்ஸைத் திறக்கச் சொல்கிற இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அங்கே வாடிக்கையாளர் நீங்கள்தான்.