ஏணியில் நின்று பிடிக்கும் மீன்

ஏரிக்குள் ஏணியை ஊன்றி, அதன் மேல் நின்று தூண்டில் வீசும் மனிதர்களை ஒளிப்படமொன்றில் முதன்முதலாகக் கண்டபோது நான் சிரித்ததுண்டு. காரணம் பின்னரே விளங்கிற்று.

அது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பிரமிட் ஏரி. கரையோரம் ஆழமின்றி நீண்டு, திடீரென ஆழத்தில் இறங்குகிறது. பெரிய ட்ரவுட் மீன்கள் அந்த விளிம்பை ஒட்டியே சிறுமீன்களைத் தேடித் திரியும். ஏணியில் நிற்பவருக்குக் குளிர்நீரில் விறைக்க வேண்டியதில்லை. தூண்டிலும் விளிம்புக்கு அப்பால் விழும். சிறுமீனைப் போன்ற போலி இரையை மெதுவாக, விட்டுவிட்டு இழுக்க வேண்டும்.

ஏரி பையூட் பழங்குடியினருக்கு உரியது. அவர்களுள் ஒருவரான ஜோன் ஸ்கிம்மர்ஹோர்ன் 1925 இல் பிடித்த 41 இறாத்தல் மீனே, லஹொன்ரன் கட்த்ரோட் என்னும் அவ்வகை ட்ரவுட்டின் சாதனை. ஆனால் அவ்வினத்துக்கு ஏற்கெனவே நாள் குறிக்கப்பட்டிருந்தது. 1905 இல் எழுந்த டேர்பி அணை, ஏரிக்கு நீரூட்டிய ட்றக்கி ஆற்றைக் குடியேறிகளின் பாசனத்துக்குத் திருப்பியது. அபிவிருத்தி என்றார்கள், யாருடையது என்பதுதான் கேள்வி. ஏரி தாழ்ந்தது. முட்டையிட ஆற்றிலேற வழியற்ற மீன்கள் 1940களுக்குள் அங்கு அற்றுப்போயின.

1970களின் பிற்பகுதியில், உட்டா எல்லையோரத்துப் பைலட் பீக் மலையின் சிற்றோடையொன்றில், எவரோ எப்போதோ கொண்டுபோய் விட்ட அம்மீனின் வழித்தோன்றல்கள் கண்டறியப்பட்டன. 2006 இல் அவை ஏரிக்குத் திரும்பின. சில ஆண்டுகளுக்குள் 20 இறாத்தலைத் தாண்டியவை தூண்டிலில் அகப்படலாயின.

அங்கே மீன்பிடிக்க அனுமதிச்சீட்டு வேண்டும். அதை வழங்குவோர் பையூட் மக்களே.