இளஞ்சிவப்புச் சிறையறை: ஒரு நிறத்தின் வரலாறு

1979 மார்ச்சில், அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்த கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. ஒரு கேலன் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பைன்ட் சிவப்பைக் கலந்து உருவாக்கிய அந்நிறம் கைதிகளின் ஆவேசத்தைத் தணிக்கும் என்பது அலெக்ஸாண்டர் ஷாஸ் என்னும் ஆய்வாளரின் கருத்து. புதிதாக அடைக்கப்படுவோர் 15 நிமிடங்கள் அங்கிருந்தாலே போதும் எனப்பட்டது. சோதனைக்கு இசைந்த அதிகாரிகள் இருவரின் பெயரால் அது 'பேக்கர்–மில்லர் பிங்க்' என வழங்கலாயிற்று.

அடுத்த சில மாதங்களில் அங்கு வன்முறை நிகழவில்லை என்ற செய்தி பல சிறைகளுக்கும் அந்நிறத்தைக் கொண்டுசேர்த்தது. ஆனால் அச்சோதனையில் ஒப்பீட்டுக் குழு இல்லை. அமைதி நிறத்தால் விளைந்ததா, காவலர்களின் எதிர்பார்ப்பால் விளைந்ததா எனப் பிரித்தறிய வழியுமில்லை. சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் கைதிகளைச் சமவாய்ப்பு முறையில் இளஞ்சிவப்பு அறைக்கும் வேறு நிற அறைக்கும் பிரித்தனுப்பிய ஆய்வு 2015இல் வெளியானது. இரு தரப்பினரின் ஆவேசத்திலும் அது வேறுபாடு காணவில்லை.

இதற்கிடையே, 1990களில் அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் ஷெரிஃப் ஜோ ஆர்பாயோ ஆண் கைதிகளுக்கு இளஞ்சிவப்பு உள்ளாடை அணிவித்தார். ஓரிடத்தில் மருந்தெனக் கருதப்பட்ட நிறம் மற்றோரிடத்தில் இழிவின் குறியாயிற்று.

ஆகவே, சிறையில் ஒரு நிறத்தின் பொருளை அதன் அலைநீளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பூசுபவருக்கும் அதனுள் அடைபடுபவருக்கும் இடையிலான அதிகார உறவும் தீர்மானிக்கிறது. பெயின்ட் மலிவானது, கல்விக்கும் மருத்துவத்திற்கும் விடுதலைக்குப் பிந்தைய வேலைக்கும் செலவு அதிகம். அச்செலவைத் தவிர்க்கும் சீர்திருத்தம் சுவரோடு நின்றுவிடும்.