பரவல் உட்பொதி அமைப்புகளின் மாதிரிவழி வடிவமைப்பு

கருவிகளுக்குள் பதிந்து, தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு ஒரே பணியைச் செய்யும் பல சிறு கணினிகளின் தொகுதி பரவல் உட்பொதி அமைப்பு எனப்படும். கார், விமானம், மெட்ரோ ரயில் எல்லாவற்றிலும் இது உண்டு. அதன் நடத்தையை முதலில் கணித மாதிரியாக எழுதி, சரிபார்த்து, பிறகே நிரலாக்குவது மாதிரிவழி வடிவமைப்பு.

இத்தகைய அமைப்பில் ஒவ்வொரு கணினியும் தனியே பிழையின்றி இயங்கினாலும் கூட்டு இயக்கம் தவறலாம். ஒரு செய்தி தாமதமாகும், இரண்டு ஒரே நேரத்தில் கிளம்பி மோதும், கடிகாரங்கள் விலகும். நிகழ்வுகள் எந்தெந்த வரிசையிலோ நேரலாம். சோதனை ஓட்டம் அவற்றில் சிலவற்றையே தொடும். ஒருமுறை கண்ட பிழை மறுமுறை தோன்றாமலும் போகும்.

மாதிரியில் ஒவ்வொரு கணினியும் சில நிலைகளாகவும் நிலைமாற்றங்களாகவும் எழுதப்படுகிறது. செய்தி செல்லும் தடமும், அதில் நேரும் இழப்பும் தாமதமும் அவ்வாறே இடம்பெற வேண்டும். இவற்றை விட்டுவிட்ட மாதிரியால் பயனில்லை. அமைப்பு நிறைவேற்ற வேண்டிய தேவைகளை, நிகழ்வுகளின் கால வரிசையைச் சொல்லும் காலத் தருக்கத்தில் எழுதலாம் என்று 1977-இல் அமீர் புனுவேலி காட்டினார். எட்டக்கூடிய நிலைகள் அனைத்திலும் அத்தேவை நிறைவேறுகிறதா என்று கணினியே தேடிப் பார்ப்பது மாதிரிச் சரிபார்ப்பு. இதை வளர்த்த கிளார்க், எமர்சன், சிஃபாக்கிஸ் மூவருக்கும் 2007-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

ஸ்வீடனின் உப்சாலா, டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய உப்பால் என்ற கருவி, கடிகாரங்களையும் மாதிரிக்குள் கொண்டுவருகிறது. டென்மார்க்கின் பேங் அண்ட் ஒலுஃப்சென் நிறுவனத்தின் ஒலி, ஒளிக் கருவிகளுக்கு இடையே செய்திகள் எப்போதாவது தொலைந்தன. வழக்கமான சோதனையால் காரணம் பிடிபடவில்லை. 1990-களில் உப்பால், பிழைக்கு இட்டுச்செல்லும் நிகழ்வு வரிசையைத் தானே கண்டெடுத்தது. திருத்தமும் அதே கருவியால் மெய்ப்பிக்கப்பட்டது. இத்துறையின் வலிமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

பெரிய தடை நிலைப் பெருக்கம். பத்து நிலைகள் கொண்ட பத்துக் கணினிகள் சேர்ந்தாலே 1,000 கோடிக் கூட்டுநிலைகள் வரக்கூடும். எனவே சில துறைகளில் தேடலுக்குப் பதில் கணித நிறுவல் கையாளப்படுகிறது. பாரிஸ் மெட்ரோவில் 1998-இல் இயங்கத் தொடங்கிய ஓட்டுநரற்ற 14-ஆம் தடத்தில், ரயிலிலும் பாதையோரத்திலும் பிரிந்து இயங்கும் பாதுகாப்பு மென்பொருள், ழான்-ரேமோன் அப்ரியால் வகுத்த பி முறையில் படிப்படியாக நிறுவப்பட்டு, அந்த மாதிரியிலிருந்தே அடா மொழி நிரலாக்கப்பட்டது.

வியன்னாவில் ஹெர்மன் கோபெட்ஸ் வளர்த்த நேரத்தூண்டல் கட்டமைப்பு சிக்கலை வேரிலேயே குறைக்கிறது: எந்தக் கணினி எப்போது பேசும் என்பது முன்பே அட்டவணையில் நிர்ணயமாவதால், ஆராய வேண்டிய வரிசைகள் வெகுவாகச் சுருங்குகின்றன.

எனினும் நிறுவப்படுவது மாதிரிதான், மெய்யான அமைப்பு அன்று. ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் தொலையும் என்று கொண்ட மாதிரி, இரண்டு தொலையும்போது எந்த உறுதியும் தராது. விமான மென்பொருளில் சில சோதனைகளுக்கு மாற்றாக இம்முறைகளை ஏற்கும் 2011-ஆம் ஆண்டின் டிஓ-333 ஆவணம், ஒவ்வொரு பகுப்பாய்வின் எடுகோள்களையும் எழுதி நியாயப்படுத்தும்படி கோருகிறது.